ஜன்னல் பக்கம்

வெள்ளையில் பதினான்கு வகை எனக்குத் தெரியும்.
தாலின் நகரத்துப் பெயின்ட் கடையில் ஏழு வருடம்:
முட்டையோடு, வெண்ணெய், சுண்ணாம்பு,
பனி விழுமுன் வானம்,
பெயரே வைக்காமல் எண் மட்டும் கொடுத்த ஒன்று.
ஆகவே இந்த வருடம் மரம் வெள்ளை என்று நான் சொன்னது
வாய்க்கு வந்ததைச் சொன்னதல்ல.
வைக்கோல் நட்சத்திரம், வெள்ளை நூல்பந்து,
நுனிக் கிளைகளில் மெழுகுவத்தி.
வேறெதுவும் கிடையாது.

ராய்வோ தலையாட்டினான்.
ஒரு கல்யாணம் முறிந்தவர்களுக்குக்
கழுத்து இளகிவிடுகிறது.

மரம் நாங்களே வெட்டியது.
அரசுக் காட்டில், போனில் காசு கட்டிவிட்டு,
முழங்கால் பனியில் ஒரு மணி நேரம்
நேரான மரம் தேடி,
கால் மரத்துப்போய்,
கடைசியில் கோணலானதைச் சாய்த்தோம்.
ஒரு பக்கம் கிளையே இல்லை.
அந்தப் பக்கத்தை ஜன்னலுக்குத் திருப்பினேன்.

அவன் மகன் தானெல், ஒன்பது வயது,
கட்டிலடியிலிருந்து ஒரு ஷூ பெட்டியை இழுத்து வந்தான்.
கண்ணாடிச் சோளக்கதிர்.
ஒற்றைக்கால் விண்வெளி வீரன்.
சாயம் உரிந்த சிவப்புக் குண்டுகள்
பழைய ஜிகினாவில் சிக்கிக்கொண்டு
ஒன்றையொன்று விடமாட்டேன் என்றன.
எல்லாம் அவன் அம்மா விட்டுப் போனவை.
அவள் இப்போது ஹெல்சிங்கியில்,
கப்பலில் இரண்டு மணி நேரம்.

"கலர் ஒத்துப்போகாதே" என்றேன்.
உண்மைதான்.
கடைக்கு வருகிறவர்களிடம் சொல்கிற அதே குரல்.

அவன் அழவில்லை. பெட்டியை மூடினான்.
ஒன்று மட்டும் கேட்டான்:
"ஜன்னல் பக்கமும் வெள்ளையா?"
"அந்தப் பக்கத்தை யார் பார்க்கப் போகிறார்கள்?"
ஏணியில் நின்றபடி, பல்லிடுக்கில் கொக்கிகளோடு சொன்னேன்.

இருபத்தாறாம் தேதி அவனை அழைத்துப் போக வந்தாள்.
மேலே வருவதில்லை. யாரும் எழுதாத ஒப்பந்தம் அது.
எதிரே டிராம் நிறுத்தத்தில் நிற்பாள்,
பையன் இறங்கிப் போவான்.
மணி நாலு, இருட்டி அரை மணி ஆகியிருந்தது.
சமையலறைத் திரை ஓரமாகப் பார்த்தேன்
(பார்ப்பேன், எப்போதும்).
அவள் நிமிர்ந்து எங்கள் கூடத்து ஜன்னலைப் பார்த்தாள்.
ஒரு டிராம் வந்தது, போயிற்று.
இன்னும் பார்த்துக்கொண்டிருந்தாள்.
கையுறை ஒன்றைக் கழற்றினாள், எதற்கென்று தெரியவில்லை,
மறுபடி மாட்டிக்கொண்டாள்.

அவர்கள் போனபின்
குப்பைப் பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.
பாதிகூட நிரம்பாத பை.
சாலையைக் கடந்து, அவள் பூட்ஸ் தடத்திலேயே கால் வைத்து
நிமிர்ந்தேன்.

கிளையில்லாத தண்டில் சணல் சுற்றி,
மேலிருந்து கீழ்வரை,
சோளக்கதிர், குண்டுகள், ஜிகினா,
விழாமலிருக்க இடுப்பில் இரண்டு முடிச்சுப் போட்ட வீரன்.
எந்த மாலையில் செய்தான்?
நான் யாருக்கு எந்த வெள்ளையைக் கலக்கிக்கொண்டிருந்தபோது?
கூடத்து வெளிச்சம் உள்பக்கக் கிளைகளோடு நின்றுவிட,
இவை இருட்டில் பாதி தெரிந்தன.
அந்தப் பாதியையா
அவ்வளவு நேரம் பார்த்தாள்.

ராய்வோவிடம் ஒன்றும் சொல்லவில்லை.
தானெலின் மேஜை விளக்கைத் தூக்கி வந்து
ஜன்னல் விளிம்பில் வைத்து
மரத்தின் பக்கம் கழுத்தைத் திருப்பினேன்.
மஞ்சள் பல்பு.
என் நட்சத்திரமெல்லாம் ஒரே நொடியில் வெண்ணெயாகிவிட்டன.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு
அவனைத் திரும்ப விட வருவாள்.
அதற்குள் இந்தக் கண்ணாடியைத்
துடைத்துவிட வேண்டும்.